பெரம்பலூரில் கிளிஞ்சல், நரிமணத்தில் எண்ணெய்: இரண்டுக்கும் அடியில் ஒரே பள்ளம்

கேள்வி இது: “பெரம்பலூர், அரியலூர் பக்கம் மண்ணைக் கிளறினாலே கிளிஞ்சலும் சங்கும் கல்லாகிக் கிடைக்கின்றன. கடற்கரை அங்கிருந்து எண்பது கிலோமீட்டர் இருக்கும். கடல் அவ்வளவு தூரம் உள்ளே வந்ததா? டெல்டாவில் எண்ணெய் எடுக்கிறார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?”

சம்பந்தம் உண்டு, நெருங்கிய சம்பந்தம். கடல் வந்ததும் உண்மை. ஆனால் “கடல் வந்தது, பிறகு போனது” என்று மட்டும் சொல்லி முடித்தால் பாதிக்கு மேல் விட்டுப்போய்விடும். அங்கே நடந்த பெரிய காரியம் நிலம் கீழே இறங்கியதுதான். கடல் அந்தப் பள்ளத்தைத் தேடி வந்தது. கிளிஞ்சல், சுண்ணாம்புக்கல், எண்ணெய், எரிவாயு, நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி என எல்லாமே அந்த இறக்கத்தில் பிறந்தவை. எனவே இறக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

திருச்சி மலைக்கோட்டையில் ஏறியவர்கள் அந்தப் பாறையில் கை வைத்துப் பார்த்திருப்பார்கள். அடுக்கு கிடையாது, கிளிஞ்சல் கிடையாது, மணல்மணியாக உதிராது. பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பழம்பாறை. ஊருக்கு நடுவே 83 மீட்டர் உயரம் எழுந்து நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே நாகப்பட்டினம் வரை போனால் தூரம் நூற்று நாற்பது கிலோமீட்டர் போல இருக்கும். வழியில் தஞ்சாவூரைத் தாண்டிவிட்டால் கடலைத் தொடும்வரை இப்படி ஒரு பாறையைத் தரையில் பார்க்க முடியாது. அந்தப் பழம்பாறை காணாமல் போய்விடவில்லை. கீழே இறங்கிக் கிடக்கிறது. டெல்டாவின் ஆழமான பகுதிகளில் அதைத் தொட வேண்டுமானால் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் துளைக்க வேண்டும். அதற்கு மேலே இருப்பதெல்லாம் களிமண், மணல், சுண்ணாம்பு ஆகியவை அடுக்கடுக்காகப் படிந்து இறுகியவை.

தஞ்சைப் பெரிய கோவிலின் கல் எங்கிருந்து வந்தது என்று காலங்காலமாகக் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. காவிரி டெல்டாவில் கோவில் கட்டக் கருங்கல் கிடைக்காது. சோழர்கள் அத்தனை கல்லையும் மேற்கே, பழம்பாறை தரைக்கு மேல் தெரியும் பக்கத்திலிருந்துதான் கொண்டுவந்திருக்க முடியும். பதின்மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் இறங்கியதன் விளைவை இராசராசனின் ஆட்கள் வண்டி வண்டியாக இழுத்துச் சுமந்திருக்கிறார்கள்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். நிலவியலாளர்கள் இதைக் “காவிரிப் படுகை” என்கிறார்கள். கேட்பவர்கள், குடகிலிருந்து வரும் காவிரி தோண்டி நிரப்பிய பள்ளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தப் பள்ளத்தைக் காவிரி உண்டாக்கவில்லை. பள்ளம் உருவாகி, கடல் பலமுறை வந்துபோய், பெரும்பகுதி நிரம்பிய பிறகே இன்று நாம் பார்க்கும் டெல்டா அதன் தலைமேல் விரிந்தது. நிலவியல் சொல்லும் காவிரிப் படுகை புதுச்சேரிப் பக்கம் தொடங்கி, கடலூர், அரியலூர், தஞ்சை, நாகை, புதுக்கோட்டையின் கிழக்கு, இராமநாதபுரம் என்று நீண்டு, பாக் நீரிணைக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் அடியில் போகிறது. நிலத்தில் சுமார் 25,000 சதுர கிலோமீட்டர், ஆழம் குறைந்த கடலில் சுமார் 30,000. ஆழ்கடல் பகுதியையும் சேர்த்தால் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் ஆகிவிடும்.

நிலம் ஏன் இறங்கியது?

இந்தியா, இலங்கை, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தென் அமெரிக்கா எல்லாம் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தைப் பற்றிப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நம்முடைய கிழக்குக் கரைக்கு அப்போது கடல் கிடையாது, பக்கத்தில் அண்டார்டிகாவின் நிலம் இருந்தது. டைனோசர்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்தின் முடிவிலும் அதை அடுத்து வந்த கிரீட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்திலும் அந்த ஒட்டு விடத் தொடங்கியது. கண்டம் ஒரே நாளில் இரண்டாக வெட்டுப்படுவதில்லை. முதலில் இழுபடுகிறது. சப்பாத்தி மாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் நடுவில் மெலிகிறது அல்லவா, பூமியோட்டின் அடிப்பகுதி சூட்டில் இளகி இருப்பதால் அப்படித்தான் மெலியும். மேற்பகுதி குளிர்ந்து இறுகியது, அதனால் இளகத் தெரியாது, உடையும். மாவின் மேல் காய்ந்த களிமண் பூச்சு ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இழுக்க இழுக்கப் பூச்சு பாளம் பாளமாக வெடிக்கும். சில பாளங்கள் சரிந்து இறங்கும், இடையில் சில பாளங்கள் இறங்காமல் மேட்டில் நின்றுவிடும்.

காவிரிப் படுகையின் அடித்தளம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. வடகிழக்கு-தென்மேற்காக நீளும் பள்ளங்களும் அவற்றுக்கு நடுவே நீளும் மேடுகளும் அடுத்தடுத்து வருகின்றன. அரியலூர்-புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினம் பள்ளம், இராமநாதபுரம்-பாக் நீரிணைப் பள்ளம், மன்னார்ப் பள்ளம். இடையே கும்பகோணம்-மாதானம் மேடு, காரைக்கால் மேடு, பட்டுக்கோட்டை-மன்னார்குடி மேடு, மண்டபம்-நெடுந்தீவு மேடு. கும்பகோணத்தில் நின்று பார்த்தால் எந்த மேடும் தெரியாது, வாழையும் நெல்லும்தான் தெரியும். மேடு, பள்ளம் எல்லாம் மண்ணுக்கு அடியில் புதைந்திருக்கின்றன. புவியீர்ப்பு அளவிலுள்ள சிறு வேறுபாடுகளை வைத்தும், தரையில் அதிர்வு உண்டாக்கி எதிரொலி திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டும், துளையிட்டுப் பார்த்தும் அவற்றை வரைந்திருக்கிறார்கள்.

இப்படி இழுபட்டு உடைந்து இறங்கும் பள்ளத்தைத்தான் பிளவுப் படுகை என்கிறோம். இறக்கம் இரண்டு கட்டமாக நடக்கிறது. இந்த இரண்டாம் கட்டத்தை மாணவர்கள்கூட எளிதில் தவறவிடுகிறார்கள்.

முதல் கட்டம் வேகமானது. பாளங்கள் பெயர்ந்து சரியும்போது பள்ளத்தின் ஓரம் செங்குத்தான சுவர்போல நிற்கும். அந்தச் சுவரிலிருந்து உருண்ட பாறைகளும் ஓடைகள் கொண்டுவந்த சரளையும் களிமண்ணும் அடியில் குவியும். ஊட்டத்தூரை ஒட்டிய மேற்கு விளிம்பில் கடல் படிவுகளுக்கு நடுவே பழம்பாறையின் உருண்டைக் கற்கள் செருகிக் கிடப்பதைப் பார்க்கலாம். பக்கத்துச் சுவரிலிருந்து விழுந்தவை அவை. இந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் கடல் இன்னும் வந்திருக்கவில்லை. பெரம்பலூர் மாவட்டம் தெரணியில் வெட்டியெடுக்கும் வெள்ளைக் களிமண்ணில் கிடைப்பவை கடல் உயிர்களின் எச்சங்கள் இல்லை, இலைகளின் அச்சுகள். களிப்பாளத்தைப் பிளந்தால் உள்ளே சிறகுபோல இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக அமைந்த செடி. சிவகங்கைப் பகுதியிலும் இதே காலத்துத் தாவரப் படிவுகள் உண்டு. பூக்கும் செடிகள் உலகை நிரப்பாத காலத்து ஆற்றோரக் காடு அது.

இரண்டாம் கட்டம் மெதுவானது, நீண்டது. ஓடு மெலிந்த இடத்தில் கீழிருந்த சூடு மேலே நெருங்கிவிடுகிறது. இழுவிசை நின்று, கண்டங்கள் பிரிந்து விலகிய பிறகு அந்தச் சூடு கோடிக்கணக்கான ஆண்டுகளில் ஆறுகிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார்கள், ஆறும்போது அது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். பூமியின் ஓடும் ஆறினால் சுருங்கும், அடர்த்தி கூடும், அதனால் அமிழும். அமிழ்ந்த இடத்தில் ஆறுகள் மண்ணைக் கொட்டும். கொட்டிய மண்ணின் பாரம் இன்னும் அமிழ்த்தும். பரிசலில் மூட்டை ஏற்ற ஏற்ற அது தண்ணீரில் எப்படித் தாழ்கிறதோ அதே கணக்கு.

இப்போது கேள்விக்கு வரலாம். கல்லக்குடி சுண்ணாம்புக் குவாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1953-இல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றக் கோரி நடந்த போராட்டத்தால் தமிழ்நாடு முழுக்க அறிந்த ஊர். அங்கே சிமெண்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல், பவளமும் சுண்ணாம்புப் பாசியும் சேர்ந்து கட்டிய திட்டு. வயது சுமார் பத்து, பதினோரு கோடி ஆண்டு. பாசிக்கு வெயில் வேண்டும். எனவே அந்தத் திட்டு வளர்ந்த இடத்தில் கடல் ஆழமில்லை. இப்படி ஆழம் குறைந்த நீரில் படிந்த அடுக்குகள் கிழக்கே டெல்டாவின் அடியில் தரைக்குக் கீழே ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் கிடைக்கின்றன. கடல் மட்டம் உலகில் எந்தக் காலத்திலும் கிலோமீட்டர் கணக்கில் ஏறி இறங்கியதில்லை. கிரீட்டேசியஸ் காலத்தில் அது மிக உயர்ந்திருந்தபோதும் இன்றைய மட்டத்தைவிடச் சில நூறு மீட்டருக்குள்தான் உயர்வு. ஆக, ஐந்து கிலோமீட்டர் கனத்துக்கு வண்டல் சேர இடம் கொடுத்தது கடலின் ஏற்றமாக இருக்க முடியாது. தரை இறங்க இறங்க மண் நிரம்பியது, நிரம்ப நிரம்பத் தரை இறங்கியது.

எவ்வளவு வேகம்? 5,000 மீட்டரை 13 கோடி ஆண்டால் வகுத்தால், ஆயிரம் ஆண்டுக்கு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர். பெரிய கோவில் குடமுழுக்குக் கண்டு ஆயிரம் ஆண்டு ஆகிறது. அந்தக் காலம் முழுவதற்கும் சேர்த்து இரண்டு விரல் அகலம். இது சராசரிக் கணக்கு. தொடக்கத்தில் வேகம் அதிகம், இடையில் நின்ற காலங்களும் உண்டு.

அப்படியானால் அரியலூர், பெரம்பலூரில் மட்டும் இந்த அடுக்குகள் ஏன் வெளியே தெரிகின்றன? அது படுகையின் மேற்கு விளிம்பு. இறக்கம் அங்கே குறைவு, பிற்காலத்தில் சற்று உயர்ந்து அரிப்புக்கும் உள்ளானது. அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. எனவே மேற்கிலிருந்து கிழக்காக ஒரு நாள் பயணம் போனால் பழையதிலிருந்து புதியதாக, பக்கம் பக்கமாகப் புரட்டுவதுபோல ஐந்து கோடி ஆண்டைக் கடந்துவிடலாம். டெல்டாவில் பல கோடி ரூபாய் செலவழித்துத் துளைத்தால்தான் கிடைக்கும் பாறையை இங்கே செருப்புக் காலோடு நடந்து பார்க்கலாம். உலகின் கிரீட்டேசியஸ் ஆய்வாளர்கள் இந்தச் சிறு பகுதியைத் தேடி வருவது இதனால்தான்.

இந்த அடுக்குகளை முதலில் முறையாகப் பிரித்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்காக 1862-இல் வெளியிட்ட அறிக்கையில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. அடுத்து வந்தவர் மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. இந்த மண்ணின் கிளிஞ்சல்களையும், சுருள் ஓடுள்ள அழிந்துபோன கடல் உயிர்களான அம்மோனைட்டுகளையும் ஒவ்வொன்றாக வரைந்து, அளந்து, பெயரிட்டு, பல தொகுதிகளாக வெளியிட்டார். 1874-இல், முப்பத்தைந்து அகவையைத் தாண்டிய நிலையில், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். இன்று அரியலூரில் ஒரு கிளிஞ்சலைக் கையில் எடுக்கும் மாணவன் முதலில் புரட்ட வேண்டியது அவருடைய படத்தாள்களைத்தான். நூற்றைம்பது ஆண்டாகியும் அந்தப் படங்களின் கோடுகள் பொய்க்கவில்லை.

ஊட்டத்தூர் தொகுதியைப் பார்க்க வேண்டுமானால் காரை என்ற ஊருக்குப் போக வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்தில் கொளக்காநத்தம் அருகே இருக்கிறது. சாலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் தரை திடீரென்று கிழிந்துபோனதுபோல ஆகிவிடும். புல் முளைக்காத செம்பழுப்புக் களிமேடுகளும் அவற்றை அறுத்துப் பின்னிய மழைநீர்ப் பள்ளங்களும். மதிய வெயிலில் தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு சிதறியதுபோல மின்னும். குனிந்து எடுத்தால் ஜிப்சம். களிமண்ணின் வெடிப்புகளில் பிற்காலத்தில் ஊறிய நீரிலிருந்து படிந்தது, நார்களை அடுக்கி வைத்தாற்போல இழை இழையாகப் பிரியும். அதன் நடுவே விரல் நீளத்தில், ஒரு முனை கூராக, தோட்டாவைப் போல உருண்டையான தேன்நிறக் கற்கள் கிடக்கும். கணவாய் மீனின் பழைய உறவான பெலம்னைட்டின் உள்ளெலும்பு. உடைந்த முனையை உற்றுப் பார்த்தால் மையத்திலிருந்து விளிம்புக்குக் கதிர் கதிராக ஓடும் கோடுகளும் மரத்தின் வளையம்போல் வட்டங்களும் தெரியும். நான் மாணவனாக முதன்முதலில் காரைக்குப் போனபோது ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை, முழங்காலிட்டபடியே நகர்ந்துகொண்டிருந்தேன். பத்துக் கோடி ஆண்டுக்கு முற்பட்ட ஓர் உயிரின் உள்ளுறுப்பு, நேற்று உதிர்ந்ததுபோல விரல் நுனியில் வழுவழுவென்று இருந்தது.

சாளக்கிராமம் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அம்மோனைட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமத்தில் சக்கரமாகத் தெரிவது அம்மோனைட்டின் சுருள்தான். காரையிலும் அம்மோனைட் உண்டு, சிறு உருண்டைகளாகப் பாஸ்பேட் கற்களும் உண்டு. கல்லக்குடித் திட்டு வெயில்பட்ட ஆழமற்ற கடலில் வளர்ந்தது, காரைக் களிமண்ணோ அதைவிட ஆழமான, அலை கலக்காத கடலடியில் மெல்லப் படிந்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், கடலின் இரண்டு வேறு ஆழங்கள்.

திருச்சிராப்பள்ளித் தொகுதி வரும்போது காட்சி மாறுகிறது. சுமார் ஒன்பது கோடி ஆண்டுக்கு முன் விளிம்பு உயர்ந்து, ஊட்டத்தூர் அடுக்குகளின் மேல் அரிப்பு நிகழ்ந்து, பிறகு கரையோர மணல் படியத் தொடங்கியது. ஏறக்குறைய அதே சமயத்தில் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். கருடமங்கலத்தில் கிளிஞ்சல்கள் நெருக்கமாக இறுகிய சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அறுத்து மெருகிட்டால் கரும்பரப்பில் வெள்ளை வளைவுகள் எழும். திருச்சிப் பளிங்கு என்று அழகுப் பொருள்களுக்குப் பயன்படுத்தினார்கள்.

சாத்தனூர் கல்மரமும் இந்தத் தொகுதியைச் சேர்ந்தது. 1940-இல் நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். 18 மீட்டருக்கு மேல் நீளம், ஊசியிலை வகை மரம். பல இடங்களில் அதன் வயது 12 கோடி ஆண்டு என்று எழுதியிருக்கிறார்கள். அது கிடக்கும் அடுக்கை வைத்துப் பார்த்தால் 9 கோடி ஆண்டை ஒட்டி வைப்பதே பொருத்தம். கடற்படிவுக்குள் மரம் எப்படி வந்தது என்று கேட்கலாம். வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு, கரையோரக் கடலில் மூழ்கி, மணலில் புதைந்தது. மண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களில் புகுந்து கல்லாக்கிவிட்டது.

அரியலூர் தொகுதியில் எனக்குப் பிடித்தது கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். சுமார் ஏழு கோடி ஆண்டுப் பழமை. குவாரியின் வெட்டுச் சுவரில் கை வைத்தால், கைக்கு அடியில் சிப்பி. அதன் பக்கத்தில் சிப்பி, மேலே சிப்பி, கீழே சிப்பி. உள்ளங்கையில் அடங்கும் தடித்த, வளைந்த கிரிஃபியா சிப்பிகள் படுக்கை படுக்கையாகக் கிடக்கின்றன. சில தலைகீழாக, சில இன்னும் இரண்டு ஓடும் மூடியபடி. தமிழ்நாட்டில் வீடு கட்டியவர்களில் கணிசமானோரின் சுவரில் இந்தச் சிப்பிகள் சிமெண்டாகக் கரைந்திருக்கின்றன. சிமெண்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு குவாரியிலும் வெட்டுவதற்கு முன்னும் வெட்டும்போதும் ஒரு தொல்லுயிரியலாளர் நின்று பார்க்கும் ஏற்பாடு கட்டாயமாக வேண்டும். சூளைக்குள் போன அடுக்கை எந்த ஆய்வாலும் மீட்க முடியாது.

கல்லங்குறிச்சிக்குப் பிறகு கடல் பின்வாங்குகிறது. ஒட்டக்கோவில் மணற்கல்லைத் தாண்டிக் கல்லமேட்டுக்கு வந்தால் ஆற்றுப் படிவுகள். டைனோசர் எலும்பு உண்மையாகவே கிடைத்த இடம் அது. 1929-இல் சார்லஸ் மேட்லி திருச்சிராப்பள்ளி மாவட்டத்து டைனோசர்களைப் பற்றி எழுதினார். 1980களில் யாதகிரியும் அய்யாசாமியும் இங்கே கிடைத்த மாபெரும் எலும்புகளுக்குப் ‘புருஹத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டார்கள். உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன, இன்று ஆராய மூலப்பொருள் இல்லை. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. கல்லமேட்டுக்கு மேலே வரும் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் கடல் மறுபடி வந்துவிட்டது. அதில் டைனோசரும் இல்லை, அம்மோனைட்டும் இல்லை. 6.6 கோடி ஆண்டுக்கு முன் நேர்ந்த பேரழிவின் இரு கரைகளும் இப்படி ஒரே வட்டாரத்துக்குள் கிடைக்கின்றன.

இனி எண்ணெய்க்கு வருகிறேன்.

பள்ளம் ஆழமாக இருந்த இடங்களில் காற்றோட்டமில்லாத கடலடிச் சேற்றில் பாசியும் நுண்ணுயிரும் மக்காமல் புதைந்தன. அந்தச் சேறு இன்று ஆண்டிமடம், சாத்தப்பாடி என்ற பெயர்களில் வழங்கும் களிப்பாறைகளாக இருக்கிறது. மேலே மண் ஏற ஏற அது கீழே இறங்கியது. பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். வெப்பம் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது எண்ணெய் உண்டாகத் தொடங்குகிறது, 120-ஐத் தாண்டினால் எரிவாயுவாக மாறும் பக்கம் சாய்கிறது. விளிம்பில் உள்ள காரைக் களிமண் அந்தச் சூட்டுக்குப் போகவே இல்லை, எனவே அங்கே எண்ணெய் கிடைக்காது. டெல்டாவின் அடியில் அதே காலத்துக் களிமண் போதிய ஆழத்துக்குப் போயிருக்கிறது. கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதுதான் விடை: காரையிலும் நாகை மாவட்டத்து நரிமணத்திலும் ஒரே கடலின் சேறு, ஒன்று விளிம்பில் தங்கிவிட்டது, மற்றது அடுப்புக்குள் இறங்கியது.

உண்டான எண்ணெய் நீரைவிட இலேசானது, மேலே ஏறப் பார்க்கும். பக்கத்தில் இருக்கும் மேடுதான் அது போய்ச் சேரும் இடம். மேட்டின் தலையில் நுண்துளையுள்ள மணற்கல்லும், அதன் மேல் கசிய விடாத களிமண் மூடியும் இருந்தால் அங்கே தங்கிவிடும். எனவே எண்ணெய் பிறப்பது பள்ளத்தில், கிடைப்பது பெரும்பாலும் மேட்டிலும் அதன் சரிவுகளிலும். மாதானம் போன்ற இடங்களில் இன்னும் வியப்பான ஒன்று உண்டு. அங்கே எண்ணெய் தங்கியிருப்பது பழம்பாறையின் வெடிப்புகளுக்குள். மலைக்கோட்டையை ஒத்த கடினப் பாறை புதைவதற்கு முன் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, பெயர்ச்சிகளால் நொறுங்கி, அந்த விரிசல்களில் பக்கத்துப் பள்ளத்து எண்ணெய் புகுந்திருக்கிறது.

1964-இல் இங்கே முதல் ஆழ்கிணறு துளைத்தார்கள். நரிமணம் எண்பதுகளில் கண்டறியப்பட்டது, 1993-இல் அங்கே சிறிய சுத்திகரிப்பு ஆலை வந்தது. குத்தாலம், கோவில்களப்பால், இராமநாதபுரத்தில் வழுதூர் என்று எரிவாயு மின்நிலையங்களும் இந்தப் படுகையின் வாயுவால் ஓடுபவை. துளைத்த அடுக்குகளுக்கு ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள்: புவனகிரி, நன்னிலம், கமலாபுரம். டெல்டா மக்கள் தங்கள் மண்ணுக்கும் நீருக்கும் அஞ்சிப் போராடியதும், 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததும் உங்களுக்குத் தெரியும். கீழே என்ன இருக்கிறது என்பதைத்தான் நிலவியல் சொல்லும். எடுக்கலாமா என்பது மேலே வாழ்பவர்களின் முடிவு. அவர்கள் முடிவெடுக்க வேண்டுமானால் இந்த அறிவு தமிழில் அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கிரீட்டேசியஸுக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் கிழக்கே தள்ளிப்போக, ஆறுகள் செந்நிற மணலைப் பரப்பின. அதுதான் கடலூர் மணற்கல். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் நிற்பது அந்தச் செம்மண்ணில். திருவக்கரைக் கல்மரங்கள் அதில் புதைந்தவை, வயது சுமார் இரண்டு கோடி ஆண்டு. சாத்தனூர் மரத்தோடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இடையே ஏழு கோடி ஆண்டு இருக்கிறது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இந்தப் பகுதியின் சதுப்புக் காடுகளிலிருந்து வந்தது. மன்னார்குடியின் அடியிலும் பழுப்பு நிலக்கரி உண்டு, ஆனால் அங்கே படுகை இறங்கியிருப்பதால் மிக ஆழத்தில் இருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே உள்ள மணலடுக்கில் நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே அது உடைத்துக்கொண்டு வந்துவிடும்.

படுகையின் அக்கரையையும் மறக்கக் கூடாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே உள்ள பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் இதே இழுபறியில் பிறந்த பள்ளங்கள். அண்டார்டிகா முழுவதுமாகப் பிரிந்து போனது, இலங்கையோ பாதி பிரிந்து நின்றுவிட்டது. புத்தளத்துக்குப் பக்கத்தில் தப்போவ, ஆண்டிகம என்ற இடங்களில் பிளவுகளுக்கு இடையே சிக்கிய சிறு பள்ளங்களில் ஜுராசிக் காலத் தாவரப் படிவுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாடு நிற்பது பிற்காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மேல். நீரில் கரைந்து குகையும் ஓடையுமாக உள்ள அந்தக் கல்லில்தான் நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். மன்னார்க் கடலில் 2011-இல் இரண்டு இடங்களில் எரிவாயு கண்டறியப்பட்டது.

பழைய பிளவுகள் முற்றிலும் உறங்கிவிடவும் இல்லை. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, சென்னை வரை உணரப்பட்டது. பெரும் ஆபத்துள்ள பகுதி என்று இதைக் கொண்டு சொல்ல முடியாது, ஆனால் பதின்மூன்று கோடி ஆண்டுப் பழைய உடைப்பு இன்னும் அசையக்கூடியது.

கடைசியாக, 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் டைனோசர் முட்டை கிடைத்ததாகப் பரவிய படங்கள் பற்றி. அவை முட்டைகள் இல்லை. கடலடிச் சேற்றில் ஓர் அம்மோனைட் ஓடோ வேறு எச்சமோ கிடக்க, அதைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து படிந்து பக்கத்து மண்ணைவிட இறுகி உருண்டையாகிவிடும். மண் அரித்துப் போனதும் உருண்டை மட்டும் தனியே நிற்கும். அடையாளம் காண்பது எளிது: முட்டைக்கு மெல்லிய ஓடும் அதில் நுண்துளைகளும் இருக்கும், அளவும் ஓரளவு ஒன்றுபோல இருக்கும். இந்த உருண்டைகளில் ஓடு கிடையாது, பட்டாணி அளவும் உண்டு, பூசணி அளவும் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்தால் உடைக்காதீர்கள், வீட்டுக்கும் எடுத்துப் போகாதீர்கள். இருந்த இடத்தில் இருந்தபடியே, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து, அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ சொல்லுங்கள். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத கிளிஞ்சல் எதையும் சொல்லாது. இடத்தோடு இருந்தால்தான் அது கிடந்த கடலின் ஆழத்தையும் காலத்தையும் படிக்க முடியும்.